கண்புரையும் மஞ்சட்புள்ளி நோயும்

முதுமை எய்தியோர்க்குப் பார்வை மங்குதல் இயல்பென்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றிய எண்ணம். மங்கிய பார்வை யாவும் புரையே என்பதும், புரை முற்றும்வரை பொறுத்திருத்தலே முறை என்பதும் அதனோடு ஒட்டிப் பிறந்தவை. முதலாவது பாதி உண்மை; ஏனைய இரண்டும் இக்காலத்தில் பெருங்கேடு விளைப்பன. அஃது எங்ஙனம் என்பதனைத் தாம்பரத்தில் யாம் அணுக்கமாக அறிந்த ஒரு முதியவரின் நிலையை முன்னிட்டு ஆராயப் புகுகின்றோம்.

அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வயது 74, மேற்குத் தாம்பரத்தில் மகனோடு வாழ்பவர். ஒரு நாள் மாலை இரயில் நிலையத்து நடைமேம்பாலத்தின் கைப்பிடிக் கம்பி நடுவில் வளைந்திருப்பதுபோல் அவருக்குத் தோன்றிற்று. மறுநாள் வீட்டுக் கதவின் நிலையும் அவ்வாறே வளைந்தது. வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் நோக்கியபோது வளைவு மிகுந்தது. இடக்கண்ணை மூடியபோது கதவு நேராயிற்று. கண்ணாடி விற்போர் ஒருவர் புதிய கண்ணாடி கொடுத்தார், பயனில்லை. அண்டை வீட்டார், “புரைதான் ஐயா, முற்றட்டும்; தை பிறந்த பின் எடுத்துக்கொள்ளலாம்” என்றனர். அவரும் பொறுத்தார். ஏறக்குறைய மூன்று திங்கள் கழிந்தபின் ஒரு விடியற்காலையில் இடக்கண்ணின் நடுவே மைத்துளி சிந்தினாற்போல் கரிய வட்டம் ஒன்று தோன்றிற்று. எதிரில் நின்ற பேரனுடைய காதுகள் தெரிந்தன, முகம் தெரியவில்லை. மருத்துவர் பார்த்தபொழுது விழித்திரையின் அடியிற் குருதி தேங்கியிருந்தது. அதனடியிற் பழைய தழும்பும் கண்டிருந்தது. “கோடு வளைந்தால் கண்ணாடியிற் குற்றம் என்று நினைத்தேன், தம்பி, கோடு எழுதிய தாளே கசங்கியது என்று எனக்கு யார் சொன்னார்கள்?” என்று அவர் எம்மிடம் கேட்டார். அவர் கேட்ட வினாவிற்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

புரை முற்றட்டும் என்னும் சொல் வெறும் மூடச்சொல் அன்று. பண்டை முறையிற் புரையை அறுத்தெடுத்த காலத்தில், முற்றிய புரையே எளிதிற் கழன்று வரும். முற்றாதது உள்ளே எச்சம் விட்டு அழற்சியை உண்டாக்கும். ஆதலின் மருத்துவரே நோயாளரைக் காத்திருக்கச் செய்தனர். அதற்கும் முன்னே ஊர்தோறும் திரிந்த வைத்தியர் ஊசியாற் புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடுவதும் உண்டு. அதனால் அழிந்த கண்கள் பல. சென்னையில் 1819ஆம் ஆண்டில் இராயப்பேட்டையிலே தொடங்கப்பெற்றுப் பின் எழும்பூருக்குப் பெயர்ந்த அரசினர் கண் மருத்துவமனை, உலகிற் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அங்கே 1904 முதல் 1913 வரை தலைமை வகித்த இராபர்ட் ஹென்றி எலியட் என்பார், இவ்வாறு ஊசியாற் கெட்ட கண்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். இக்காலத்திலோ நுண்ணொலி அதிர்வினாற் புரையைக் கரைத்து உறிஞ்சிச் செயற்கை வில்லையைப் பொருத்துகின்றனர், முற்ற வேண்டுவதில்லை. மருத்துவம் மாறிற்று, சொல் மட்டும் திண்ணைகளில் நிலைத்துவிட்டது.

புரை என்பது கண்ணின் முன்புறத்துள்ள வில்லை மங்குதல். சாளரக் கண்ணாடியிற் புகை படிந்ததை ஒக்கும். கண்ணாடியை மாற்றினால் வெளிச்சம் மீளும். யாம் கூறவந்த நோய் கண்ணின் பின்புறத்தது. அங்கே விழியின் உட்சுவரில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனமே உள்ள விழித்திரை என்னும் படலம் விரிந்திருக்கின்றது. மங்கிய ஒளியிற் பயன்படும் கோலணுக்கள் ஏறத்தாழ 12 கோடியும், நிறத்தையும் நுணுக்கத்தையும் காணும் கூம்பணுக்கள் ஏறத்தாழ 60 இலட்சமும் அதில் உள்ளன. திரையின் நடுவில் 5 மில்லிமீட்டர் அளவு அகலமுள்ள ஓரிடம் மஞ்சள் நிறம் உடையது. அதனை மாக்குலா என்பர். மஞ்சட்புள்ளி எனத் தமிழில் வழங்கலாம். நூல் படித்தல், ஊசியில் நூல் கோத்தல், வரும் பேருந்தின் எண்ணை அறிதல், எதிர்வந்தோர் முகத்தை அடையாளங் காணல் ஆகிய யாவும் இச்சிறு புள்ளியின் தொழில். எஞ்சிய பெருந்திரை முழுவதும் சேர்ந்தாலும் ஒரு வரி படிக்க இயலாது.

இப்புள்ளியின் அடியில் நிறமிப் படலம் ஒன்று ஓரணுக் கனத்தில் அமைந்துளது. அதன் உழைப்பு வியப்பிற்குரியது. ஒளியணுக்கள் நாள்தோறும் தம் நுனிகளை உதிர்த்துப் புதியனவற்றை வளர்க்கின்றன. ஏறக்குறைய பத்து நாளில் நுனி முழுவதும் புதிதாகிவிடுகின்றது. உதிர்ந்தவற்றையெல்லாம் விழுங்கிச் செரித்தல் இந்நிறமி அணுக்களின் கடமை; வாழ்நாள் முழுதும் ஓய்வில்லை. அவற்றின் கீழே ஒரு மெல்லிய சவ்வும், அதற்கும் கீழே உணவூட்டும் குருதிக் குழாய்ப் படலமும் உள. அறுபது எழுபது ஆண்டுகள் கழியுங்கால் செரியாத கழிவு மஞ்சள் மணிகளாகச் சவ்வின்மேற் படிகின்றது. ட்ரூசன் எனப்படும் இம்மணிகள் சிறியனவாயின் பெரும்பாலும் தீங்கில்லை. பெருத்துத் திரண்டால் நோயின் வழி திறந்துவிட்டது எனக் கொள்ளல் வேண்டும். புகைபிடிப்போர்க்கு இவ்வபாயம் மிகுதி. பெற்றோர் வழியாகவும் இது வரும். வட இந்தியாவில் குர்காவுனிலும் தென்னாட்டிற் புதுச்சேரியிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் 60 வயது கடந்தோரிடை நடத்திய ஆய்வொன்றில், முற்றிய நிலையிலுள்ள இந்நோய் நூற்றுக்கு ஒருவருக்குச் சிறிது மேலாகக் காணப்பட்டது. எண் சிறிதேயாயினும், முதியோர் தொகை பெருகிவரும் சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற ஊர்களில் ஒவ்வொரு தெருவிலும் ஓரிருவரேனும் இருத்தல் கூடும்.

நோய் இருவகைப்படும். உலர்வகையில் நிறமி அணுக்கள் மெல்ல மெல்ல மடிந்து, புள்ளியில் நிலப்படத்துத் தீவுகள் போன்ற வெற்றிடங்கள் உண்டாகும். இது பல ஆண்டுகளில் நிகழ்வது. அத்தேய்வின் விரைவைச் சிறிது தணிக்கும் மருந்துகள் இரண்டு 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏற்கப்பட்டன. இழந்ததை அவை மீட்டுத் தரமாட்டா.

ஈரவகையே அஞ்சத்தக்கது. பழுதடைந்த சவ்வின் வழியே, கீழுள்ள குழாய்ப் படலத்திலிருந்து புதுக்குழாய்கள் மேலெழுந்து வளர்கின்றன. இவை முறையாக அமைந்த குழாய்கள் அல்ல. சுவர் மெலிந்து நீர் கசிபவை. கசிந்த நீர் திரையை உப்பச் செய்கின்றது. உப்பிய தாளில் விழும் கோடு வளையாமல் என் செய்யும்? ஆசிரியர் கண்ட வளைந்த கைப்பிடி இதுவே. இந்நிலையில் நோவு இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிதலும் இல்லை. ஆதலால் நோயென்றே பலர் எண்ணுவதில்லை. மற்றொரு கண் நன்றாயிருப்பின், இரண்டும் சேர்ந்து குறையை மறைத்துவிடும்.

கசிவைப் புறக்கணித்தால் குழாய் வெடித்துக் குருதி பெருகும். குருதி ஏனைய உறுப்புகளுக்கு உயிர்நீர்; ஒளியணுக்களுக்கோ நஞ்சு. அதிலுள்ள இரும்பு அவற்றைக் கெடுக்கின்றது. தேங்கிய குருதி அவற்றிற்கும் உணவூட்டும் படலத்திற்கும் இடையிற் சுவராய் நிற்கின்றது. உறைந்து சுருங்குகையில் அவற்றைப் பற்றி இழுக்கவும் செய்கின்றது. இக்கேடுகள் சில நாட்களிலேயே தொடங்கிவிடும். அதனாற்றான் புள்ளியின் அடியிற் பெருங்குருதி தேங்கியோர் விரைந்து வந்தால், உறைந்ததைக் கரைக்கும் மருந்தையும் ஒரு வாயுக் குமிழியையும் கண்ணுட் செலுத்தி, குப்புறக் கவிழ்ந்திருக்கச் செய்து, குருதியைப் புள்ளியினின்று ஒதுக்கிப் பார்க்கின்றனர். பல வாரங் கழித்து வருவோர்க்கு இம்முயற்சி பெரும்பாலும் பயன்படுவதில்லை. குருதி தழும்பாய் இறுகிவிட்டிருக்கும். அத்தழும்பின்மேற் பார்வை மீள முளைப்பதில்லை.

வேறு விபத்துகளும் உண்டு. நிறமிப் படலத்தின் அடியில் நீர் தேங்கி அது கொப்புளம்போல் எழும்பி, ஒருநாள் திடீரெனக் கிழிந்து, காய்ந்த வாழையிலையின் ஓரம்போற் சுருண்டுவிடும். கிழிந்த இடம் புள்ளியின் நடுவாயின் பார்வை ஒரே நாளிற் சரியும். குருதி விழித்திரையையும் துளைத்துக்கொண்டு கண்ணுள் நிறைந்த பசைநீரிற் பாய்வதும் உண்டு. அப்பொழுது நடுப்பார்வை மட்டுமன்றி அக்கண்ணின் பார்வை முழுவதும் இருண்டுபோம். மிக அரிதாகப் பெருக்கு எல்லை மீறி, கண்ணின் உட்பொருளையெல்லாம் முன்னுக்குத் தள்ளி, கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும். தாங்கொணாத் தலைவலியும் வாந்தியும் தோன்றும். வீட்டார் பித்தமென்று சுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பர். குருதி உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்வோரிடம் இப்பெருக்கு பெரிதாதல் கூடும். அதற்காக இதய மருத்துவரைக் கேளாது அம்மருந்தை நிறுத்துவது உயிருக்கே கேடாகும். இரு மருத்துவர்க்கும் இருவகை மருந்தையும் தெரிவித்தலே செயற்பாலது.

ஆசிய மக்களிடம் மிகுதியாகக் காணப்படும் கிளைவகை ஒன்று உளது. அதிற் புதுக்குழாய்களின் நுனிகள் திராட்சைக் கொத்துப்போல் வீங்கி, பெருங்குருதி ஒழுக்குகின்றன. மேல்நாட்டாரைக் காட்டிலும் நம்மவரும் சீனரும் சப்பானியரும் இதற்கு மிகுதியும் இலக்காகின்றனர். இதனைத் தெளிய அறிய இந்தோசயனின் பச்சை என்னும் சாயத்தைக் கைந்நரம்பிற் செலுத்திப் படமெடுத்தல் வேண்டும். மேல்நாட்டு நூல்களை மட்டும் படித்து நம் கண்களை அளத்தல் ஆகாதென்பதற்கு இது நல்ல சான்று.

இனி, இந்நோயை வீட்டிலேயே ஐயுறும் வழியைக் கூறுவோம். சுவிட்சர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் என்பார் 1940களிற் பரவச் செய்த கட்டம் ஒன்று உளது. பத்துச் சென்டிமீட்டர்ச் சதுரம். அதனுள் அரைச் சென்டிமீட்டர்ச் சிறு கட்டங்கள். நடுவே ஒரு புள்ளி. படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைந்த தொலைவிற் பிடித்து, ஒரு கண்ணை முழுதும் மறைத்து, நடுப்புள்ளியையே நோக்குதல் வேண்டும். கோடு வளைந்தாலும், கட்டம் சில மறைந்தாலும், பெரிதும் சிறிதுமாய்த் தோன்றினாலும் ஐயுறவேண்டும். பின் மற்றைக் கண். கணக்குப் பாடத்தின் வரைபடத் தாள் இதற்குப் போதும். தாளும் வேண்டா என்போர் சாளரக் கம்பியையோ தரையோட்டின் விளிம்பையோ நோக்கலாம். விடியலிற் புள்ளிக் கோலமிடும் பாட்டியர், வைத்த புள்ளிகளை ஒரு கண்ணால் எண்ணிப் பார்ப்பதும் ஒரு சோதனையே. ஆயின் இச்சோதனை பிழைபடுதலும் உண்டு. மூளை தானே குறையை நிரப்பிக்கொள்ளும் இயல்பினது. கட்டம் நேராயிருக்கின்றதென்று மருத்துவரிடம் போகாதிருத்தல் கூடாது. வளைகின்றதாயின் அவ்வாரத்திலேயே போதல் வேண்டும். அங்கே ஓ.சி.டி. என்னும் கருவி, கண்ணைத் தொடாமலே, விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போல் அடுக்கடுக்காய்க் காட்டிவிடும். 1991ஆம் ஆண்டில் வெளிப்பட்ட இக்கருவி இன்று சென்னைப் புறநகர்க் கண் மருத்துவமனைகளிலும் உளது.

சிகிச்சையின் வரலாறு நெடியதன்று. முன்னாளில் லேசர்க் கதிராற் புதுக்குழாயைச் சுட்டனர். குழாயோடு அதன் மேலுள்ள திரையும் வெந்தது. 2000ஆம் ஆண்டளவில் ஒளியால் தூண்டப்படும் மருந்து வந்தது. அது வீழ்ச்சியின் வேகத்தைக் குறைத்ததேயன்றிப் பார்வையை உயர்த்தவில்லை. குழாய்களை வளரத் தூண்டும் வி.ஈ.ஜி.எஃப். என்னும் புரதத்தை 1989இல் நெப்போலியோன் ஃபெராரா முதலியோர் பிரித்தறிந்தமையே திருப்பம். அப்புரதத்தைப் பிணிக்கும் ரானிபிசுமாப் என்னும் மருந்து 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு அடிகோலிய ஆய்வொன்றில், ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பேர் பார்வையிற் பேரிழப்பின்றி இருந்தனர். போலி ஊசி பெற்றவருள் அவ்வாறு இருந்தோர் 62 பேரே. மூவரில் ஒருவருக்குப் பார்வை கணிசமாக உயர்ந்தது. இதற்கு முன் இந்நோயில் இத்தகைய செய்தி கேட்டறியாதது.

விலையே தடை. குடற்புற்றிற்கென 2004இல் ஏற்கப்பட்ட பெவசிசுமாப் என்னும் மருந்தும் அதே புரதத்தைப் பிணிப்பதாதலின், ஒரு குப்பி மருந்தைத் துளித்துளியாகப் பகுத்துக் கண்ணிற் செலுத்தும் வழக்கம் எழுந்தது. ஒரு கண்ணுக்கு வேண்டுவது 0.05 மில்லிலிட்டரே. இரு மருந்தும் பார்வையைக் காப்பதில் ஒத்தன என்று 2011இல் வெளியான அமெரிக்க அரசின் உதவிபெற்ற ஆய்வு காட்டிற்று. உலகச் சுகாதார நிறுவனமும் பெவசிசுமாபை 2013இல் இன்றியமையா மருந்துப் பட்டியலிற் கண்ணுக்கெனச் சேர்த்தது. ரானிபிசுமாபின் ஒப்புமருந்து உலகிலேயே முதன்முதலாக 2015இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. இவை வந்தும், முதலில் திங்களுக்கு ஓர் ஊசியாக மூன்று ஊசி, பின்பு கண்ணின் நிலைக்கேற்ப ஆண்டுக்கணக்கில் என்னும் கணக்கு, ஓய்வூதியத்தில் வாழ்வோர்க்கு எளிதன்று. ஊசிக்குரிய செலவைக் காட்டிலும், உடன்வரும் மகனின் ஒருநாள் விடுப்பே பலரை நிறுத்திவிடுகின்றது என்பது எம் கருத்து. இடையில் நிறுத்தினாற் குழாய் மீண்டும் கசியும்.

கண்ணுக்குள் ஊசியா என்று பலர் நடுங்குவர். மரப்பு மருந்திட்டபின் ஓர் அழுத்தமே தெரியும். அதற்குரிய பேராபத்து கண்ணுட் கிருமி புகுதல். ஆயிரம் ஊசிக்கு ஒன்றினும் குறைவாகவே நேர்வது. நேர்ந்தாலோ ஓரிரு நாளில் கண்ணையே அழிக்கவல்லது. ஊசியிட்ட சில நாட்களுள் நோவும் சிவப்பும் பார்வைக்குறைவும் சேர்ந்து தோன்றினால், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். வெறும் சிவப்புத் திட்டு மட்டும் வெண்விழியில் நிற்பது தானே மறையும்.

உணவைப் பற்றி ஒரு சொல். முருங்கை, அகத்தி முதலிய கீரைகளில் மஞ்சட்புள்ளிக்குரிய நிறப்பொருள் உண்டு, உண்பது நன்று. விட்டமின் சி, விட்டமின் ஈ, துத்தநாகம் முதலியன சேர்ந்த மாத்திரை, நோய் இடைநிலையில் உள்ளோர்க்கு அது முற்றும் வாய்ப்பை ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைத்ததென்று 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகின்றது. நோயே இல்லாதார் அதனை விழுங்குவதால் நோய் வாராதென்பதற்குச் சான்றில்லை.

மீண்டும் எம் ஆசிரியரிடம் வருவோம். கண்ணிற் குருதி பெருகிய இரண்டாம் திங்களில் அவர் ஒரு செய்தியை எவரிடமும் கூறாது மறைத்தார். மாலைவேளையில் எதிர்வீட்டு மதில்மேல் வெள்ளைச் சட்டை அணிந்த சிறுவர் வரிசையாய் அமர்ந்திருப்பதைக் கண்டாராம்; அவர்கள் பேசவில்லை; கண்ணை மூடித் திறந்தால் மறைந்தனர். தமக்குப் புத்தி தடுமாறிற்றோ என்று அஞ்சினார். மருமகளிடம் சொன்னாற் காற்று கருப்பு என்று வேப்பிலை எடுக்கக்கூடும் என்றும் அஞ்சினார். ஜெனீவா நகரத்து இயற்கை நூலறிஞர் சார்லஸ் பொன்னே என்பார் 1760ஆம் ஆண்டிலேயே, புரையாற் பார்வை குன்றியும் அறிவு தெளிந்திருந்த தம் பாட்டனார் கண்ட இத்தகைய உருவங்களை எழுதிவைத்தார். இந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. கண்ணிலிருந்து செய்தி வாராதபோது மூளை தன் பழஞ்சரக்கினின்றும் படம் எழுதிக்கொள்கின்றது, அவ்வளவே. மதில்மேல் இருந்தோர் முப்பத்தைந்தாண்டு அவர் பாடஞ்சொன்ன வகுப்பினர் போலும் என்று யாம் கூற, அவர் முதன்முறையாக நகைத்தார். வீட்டாரிடமும் அன்றே சொல்லிவிட்டார்.

இந்நோய் முழுக்குருட்டைத் தருவது அரிது; ஓரப்பார்வை பெரும்பாலும் எஞ்சும். இடக்கண்ணைச் சிறிது சாய்த்து ஓரத்தால் நோக்கி வாயிற்படியையும் தெருமுனையையும் அறிய அவர் பழகிக்கொண்டார். எனினும் ஒரு கண்ணில் ஈரவகை கண்டோர்க்கு மற்றைக் கண்ணிலும் அது தோன்றும் வாய்ப்பு மிகுதி. ஆறு திங்கள் கழித்து வலக்கண்ணிலும் கசிவு கண்டது. ஆயின் இம்முறை குருதி பெருகும் முன்னரே, கட்டம் நெளிந்த மூன்றாம் நாளே, ஊசி இடப்பட்டது. அக்கண்ணால் அவர் இன்றும் நாளிதழ் படிக்கின்றார். நான்கு வாரத்திற்கு ஒன்றாயிருந்த ஊசி இப்பொழுது எட்டு வாரத்திற்கு ஒன்றாகியுள்ளது.

அவர் அறைச்சுவரில் நாட்காட்டியின் பக்கத்தே வரைபடத் தாள் ஒன்று ஒட்டியிருக்கின்றது. நாள்தோறும் காப்பி குடித்தபின் இடக்கண்ணை உள்ளங்கையால் மூடி அதனைப் பார்ப்பார். பார்த்ததைச் சிறு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுவார். சென்ற திங்களில் யாம் ஒருநாட் காலை போயிருந்தபோது, நடுப்புள்ளிக்கு வலப்புறம் மேலே மூன்று கட்டங்கள் சற்று நெளிவதாகச் சொன்னார். அடுத்த ஊசிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. குறிப்பேட்டைப் பையிலிட்டுக்கொண்டு, அன்று முற்பகல் வண்டியிலேயே அவரும் யாமும் புறப்பட்டோம்.